குலவைக்கு இறங்கியது

"கூடாது கூடாதுன்னு மட்டும் சொல்லாதீக, ஏன் கூடாதுன்னு..."

"அக்கா, நான் சொல்றத முதல்ல..."

"...ஏன்னு சொல்லுங்க, நான் பாட்டுக்கு வாயத் தச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ஒரு நாள்தான் அக்கா. இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும்..."

"ஒரு நாளா ஒம்பது நாளாங்கிறது இல்ல பேச்சு. குலவ போடாதேன்னு இந்த ஊருப் பொம்பளைககிட்ட இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. பூசாரியே சொன்னதில்ல."

"பூசாரிக்குக் காது மந்தம்," என்றாள் பின்னாலிருந்து முனியம்மா. "அதனால சொல்லியிருக்க மாட்டாரு."

மற்ற நாளாக இருந்தால் இதற்கு எல்லோரும் சிரித்திருப்பார்கள். தமயந்தி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்து சந்தனமாரிக்கும் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கிறாள் இந்த இஞ்சினியரம்மா. வந்ததும் வராததுமாக, நல்லாருக்கீங்களா என்றுகூடக் கேட்காமல், சாயங்காலம் திடலில் யாரும் குலவை போடக்கூடாது என்கிறாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவும் மாட்டேன் என்கிறாள்.

செங்கணேந்தலுக்கு மேற்கே தண்ணீர் நிற்காத கண்மாய் ஒன்று உண்டு. அதையும் அதைச் சுற்றிய சீமைக்கருவேலங்காட்டையும் குத்தகைக்கு எடுத்து ஒரு கம்பெனி பயிற்சித் திடல் நடத்திவந்தது. ஆளில்லா விமானம் ஓட்டப் பழகும் சிப்பாய்கள் பல நாடுகளிலிருந்து அங்கே வந்து போனார்கள். பழகுவதற்கென்றே மலிவாகச் செய்த விமானங்கள். தெர்மாகோல் உடம்பு, மேலே பழுப்பு டேப், வாலில் ஒரு மோட்டார், வயிற்றில் கைப்பேசிக் கேமரா. சந்தையில் ஒரு வெள்ளாடு விற்கும் விலைக்கு ஒன்று செய்துவிடலாம் என்று தமயந்தி அப்போது பெருமையாகச் சொல்வாள். விழட்டும், உடையட்டும், பழகுகிறவர்கள் பயமில்லாமல் பழகட்டும். விழுந்ததை முள்ளுக்குள் தேடி எடுத்து வருவது சந்தனமாரி கூட்டத்தின் வேலை. முதலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இப்போது ஐந்து பேர்.

போரில் எதிரி முதலில் வெட்டுவது சிக்னலைத்தானாம். அதனால் திடலிலும் சிக்னலை வெட்டி வெட்டித்தான் பழக்குவார்கள். அந்த நேரத்தில் பெண்களின் கைப்பேசியும் செத்துப்போகும். காட்டுக்குள் ஆளுக்கொரு திக்காகப் பிரிந்துபோனவர்களில் ஒருத்திக்கு விமானம் அகப்பட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல வழியில்லை. கூப்பிட்டால் குரல் முள்ளுக்குள்ளேயே அடங்கிவிடும். குலவை அடங்காது. சந்தனமாரிதான் முதலில் போட்டாள். சாமிக்கும் சமைந்த பிள்ளைக்கும் போடுவதை மெஷினுக்கா போடுவது என்று முனியம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்று அவள் கையில் அகப்பட்டது. தன்னந்தனியாக முள்ளில் நின்றுகொண்டிருந்தவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நாக்கைச் சுழற்றிவிட்டாள். அதன் பிறகு அது வேலையின் வழக்கமாகிவிட்டது.

"யாரோ பெரிய ஆளுக வாராகளாம்ல," என்றாள் சந்தனமாரி. "எங்க சத்தம் அவுகளுக்குக் காட்டுச் சத்தமாத் தெரியும்னு பாக்குறீகளோ?"

"அது இல்லக்கா."

"பின்ன என்னங்கிறேன்."

தமயந்தி கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

"சரி, அதை விடுங்க," என்றாள் சந்தனமாரி. "நம்ம நூரி எப்படி இருக்கா? போன் கீன் பண்ணுவாளா?"

சும்மா பேச்சை மாற்றத்தான் கேட்டாள். அதைக் கேட்டதும் தமயந்தியின் முகம் வெளுத்துப்போயிற்று.

நூரியா கடல் கடந்த ஒரு மலைநாட்டுச் சிப்பாய். மூன்று மாதம் இங்கே பழகினாள். அவளைப்போல் விமானத்தைத் தொலைத்தவர்கள் யாரும் கிடையாது. ஒரே நாளில் நான்கைத் தொலைத்த பெருமை அவளுக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் கொட்டகையிலிருந்து ஓடிவந்து, நெஞ்சில் கையை வைத்து, "மன்னிச்சுக்கோ அக்கா" என்பாள். அந்த இரண்டு சொல்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். "எதுக்குடி மன்னிப்பு? ஒன்னாலதேன் எங்க அடுப்பு எரியுது," என்பாள் முனியம்மா. அது புரியாமல் அதற்கும் ஒரு மன்னிச்சுக்கோ வரும்.

"நூரி ஜெயில்ல இருக்கா அக்கா."

"ஜெயில்லயா? அவளா? என்ன செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யல. செஞ்சான்னு சொல்றாங்க." தமயந்தி கண்மாய்க் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இதச் சொல்லக்கூடாதுன்னுதான் என்னை அனுப்பியிருக்காங்க. சொல்லாம என்னால முடியல. விமானத்துக்குள்ள ஒரு சின்ன மூளை இருக்குன்னு முன்னாடி சொல்லியிருக்கேன்ல?"

"ஆமா. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வச்சுவிடுங்கன்னு கேட்டேனே."

"சிக்னல் போயிட்டா ஓட்டுறவங்க சொல்றது அதுக்குக் கேக்காது. எங்க இறங்குறதுன்னு அதுவாத்தான் முடிவெடுக்கணும். எங்க இறங்குனா சீக்கிரம் ஒரு ஆள் வந்து தூக்குறாங்களோ, அது நல்ல இடம். முள்ளுக்குள்ள நாலு நாள் கிடந்தா கெட்ட இடம். இவ்வளவுதான் நாங்க சொல்லிக் கொடுத்தது. மிச்சத்தை ஆயிரம் தடவை விழுந்து அதுவாக் கத்துக்கிட்டுச்சு."

"சரி."

"மோட்டார் சத்தத்துல கோளாறு இருக்கான்னு கேக்கிறதுக்கு அதுல ஒரு மைக் வச்சிருந்தோம். அந்தக் காதுல உங்க குலவையும் விழுந்துச்சு. குலவை கேட்டா அடுத்து ஒரு கை வந்து தூக்கும். ஒவ்வொரு தடவையும். அதனால குலவை கேக்கிற இடம்தான் நல்ல இடம்னு அது கத்துக்கிச்சு."

முனியம்மா முன்னால் வந்து குந்தினாள். "ஏ மதினி, அதேன் அன்னைக்கு முளைப்பாரிக்கு வந்துச்சு!"

வந்ததுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பெண்கள் முளைப்பாரியை நடுவில் இறக்கி வைத்துக் குலவையிட்டுக்கொண்டிருந்தபோது, திடலிலிருந்து தப்பிய ஒன்று தாழப் பறந்து வந்து கூட்டத்துக்கு நடுவில் நாய்க்குட்டிபோல் படுத்துக்கொண்டது. ஊரே சிரித்தது. அதற்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றி, திடல்வரை தலையில் தூக்கிப் போனார்கள்.

"எனக்கு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு," என்றாள் தமயந்தி.

"புரிஞ்சு?"

"விட்டுட்டேன். நல்லதுதானேன்னு விட்டுட்டேன் அக்கா. அப்புறம் தொலையிறது பாதியாக் குறைஞ்சுது. என்னை மேல் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க."

"எங்கள்ல ஏழு பேத்த வீட்டுக்கு அனுப்புனீக."

"ஆமா."

தமயந்தி கீழே கிடந்த ஒரு முள்ளை எடுத்து ஒடித்தாள்.

"அந்த மூளை மலிவு. நல்லாவும் வேலை செஞ்சுது. அதனால அதையே பெரிய விமானத்துலயும் வச்சு வித்தாங்க. அது பழகுற விமானம் இல்லக்கா. வெடி கட்டுனது. எதுமேல பட்டாலும் வெடிக்கும். சிக்னல் போச்சுன்னா ஆளில்லாத பொட்டல் பாத்து இறங்கணும்னு அதுக்குச் சொல்லியிருக்கு. ஆனா சொன்னதை விட, கத்துக்கிட்டதுதான் அதுக்குள்ள ஆழமா இருந்திருக்கு. நூரி ஊர்ப் பக்கம் மலையில..."

"குலவ உண்டு," என்றாள் சந்தனமாரி.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவதேன் சொன்னா. கையால ஆட்டி ஆட்டிச் சொன்னா, எங்க ஊருப் பொம்பளைகளும் இப்படித்தேன்னு. போட்டுக்காட்டுன்னா அவளுக்கு வரல. எச்சிதேன் தெறிச்சது. எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? எங்கேயோ கடலுக்கு அங்கிட்டு ஒருத்தி நம்மள மாதிரியே..." அவள் நிறுத்திக்கொண்டாள். "எந்த வீட்டுல இறங்குச்சு?"

"கல்யாண வீடு. பதினேழு பேரு செத்துட்டாங்க."

"கல்யாணப் பொண்ணு?"

"பொண்ணு இல்லக்கா."

சந்தனமாரி எழுந்து இரண்டு எட்டு நடந்து, திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"நூரிதான் அன்னிக்கு ஓட்டுனது," என்றாள் தமயந்தி. "சிக்னல் போச்சு, அதுவா இறங்கிருச்சுன்னு சொன்னா. முதல்ல நம்புனாங்க. ஓட்ட வேற ஆள் இல்லன்னு மறுநாளும் அவளையே உட்கார வச்சிருக்காங்க. செத்தவங்களை அடக்கம் பண்ண ஊர் கூடியிருக்கு. அங்க இன்னொண்ணு இறங்குச்சு. அதுல ஒம்பது பேரு."

"இழவு வீட்டுல யாரு குலவ போடுவா?"

"அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. ஒண்ணுன்னா விபத்து. ரெண்டாவதும் அதே ஊர்ல, குலவையே இல்லாத இடத்துல இறங்குனா அது அவ வேணும்னு செஞ்சதுதானேன்னு. அவ ஊருக்கும் அந்த ஊருக்கும் ஏதோ பழைய பகையாம். தூக்குதான்னு சொல்றாங்க." தமயந்தியின் குரல் இறங்கிற்று. "அந்த ரெண்டாவது எனக்கும் புரியலக்கா. உண்மையைச் சொன்னா, அதை வச்சுத்தான் ராத்திரி நான் கண்ணை மூடுறேன். ரெண்டாவது நம்ம மூளை இல்லன்னா முதலாவதும் இல்லையோ என்னமோ. நூரிதான் ஒருவேளை..."

"யாரு, நூரியா? விழுந்த மெஷினுகிட்டேயே மன்னிப்புக் கேக்குறவ தாயி அவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

தமயந்தி மனப்பாடம் செய்ததைப்போல வேகமாகச் சொன்னாள். "இன்னிக்கு ஒரு நீதிபதியம்மா வர்றாங்க. அந்த நாட்டுல இருந்து. ராணுவத்துல இருந்து ரெண்டு பேரு கூட. பழகுற விமானத்தைப் பறக்க விட்டு, சிக்னலை வெட்டிப் பாப்பாங்க. அது பாட்டுக்குப் பொட்டல்ல இறங்கிட்டா மூளை மேல குத்தமில்லைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

"அதனால நாங்க சும்மா நிக்கணும்."

"கம்பெனி சொல்லச் சொல்லுச்சு."

"கம்பெனி கிடக்கு. நீ என்ன சொல்ற?"

ஐந்து வருஷத்தில் சந்தனமாரி அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் என்ன சொல்ல? அந்தப் பதினேழு பேரும் என் தலையில வந்து உக்காந்துக்குவாங்க அக்கா."

"யாரு தலையிலயாச்சும் உக்காந்துதான ஆகணும். நூரி தலையில ஏத்திவிட்டுட்டா நீ இறங்கிருவியா?" சந்தனமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கும் ஒரு பங்கு ஏத்து. முதக் குலவ போட்டது நான். இந்தா பாரு, இன்னைக்கும் போடத்தேன் போறேன். தடுக்கணும்னா இப்பவே ஆள் வச்சுத் தடுத்துக்க."

தமயந்தி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே கொட்டகைப் பக்கம் நடந்தாள். தடுக்க ஆள் யாரையும் அனுப்பவில்லை.

நாலு மணிக்குக் கார்கள் வந்தன. சாமியானாவின் கீழ் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நீதிபதியம்மா தலையில் சாம்பல் நிறத் துணி சுற்றியிருந்தாள். இளநீரை வேண்டாம் என்று கையாலேயே தள்ளினாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். ராணுவத்தார் இருவரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. திடலின் மேலாளர் ஜெரால்டு எல்லோருக்கும் முன்னால் குனிந்து குனிந்து நின்றுவிட்டு, பெண்களிடம் வந்தபோது நிமிர்ந்துகொண்டார்.

"அங்க கரையோரமா நில்லுங்க. விமானம் இறங்குனதும் போய் எடுத்துட்டு வந்தாப் போதும். சத்தம் கூடாது. இஞ்சினியர் சொன்னாங்கள்ல?"

"சொன்னாக, சொன்னாக," என்றாள் முனியம்மா. "மூச்சு விடலாமா சார்?"

விமானம் ஏறியது. கண்மாய்க்கு மேலே பருந்துபோல் ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஜெரால்டு கையைத் தூக்கினார். கொட்டகைக்குள் யாரோ எதையோ அழுத்தினார்கள். முனியம்மாவின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

சந்தனமாரி கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எட்டு வயதிலிருந்து போடுகிற குலவை. நாக்கு அண்ணத்தில் போய் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. பொண்ணு இல்லக்கா என்று காதுக்குள் கேட்டது. அந்தக் கல்யாணப் பெண் கையில் மருதாணியோடு, தன்னைச் சுற்றி நின்று குலவையிடும் பெண்களுக்கு நடுவில் குனிந்த தலையோடு இருந்திருப்பாள். இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"மதினி, நீ போடு."

"எனக்கும் வரலடி," என்றாள் முனியம்மா. "நாக்கு கல்லாக் கிடக்கு."

மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

மேலே விமானத்தின் வட்டம் பெரிதாகிக்கொண்டு போனது. கண்மாயின் நடுவில், புல்கூட இல்லாத பொட்டலைப் பார்த்து அது மூக்கைத் திருப்பிற்று. ஜெரால்டு ராணுவத்தாரிடம் ஏதோ சொல்ல, அவர்களில் ஒருவர் தலையாட்டினார். நீதிபதியம்மா பேனா மூடியைத் திறந்தாள்.

அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற சந்தனமாரி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். போடப்போகிறேன் என்று சவால் விட்டு வந்தவளுக்கு ஒரு சத்தம் எழவில்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கில் போடப்போகிறார்கள்.

"ஏ தாயீ... ஏ நூரீ..."

யோசித்து எழுப்பிய குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து தானாகக் கிளம்பியது.

"கடல்தாண்டி வந்தவளே, கையெடுத்துக் கும்பிட்டவளே, கயித்துல ஏத்துறாகளே, நான் காலக் கடசியில காணலையே..."

அந்தப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தால் அவளைத் தனியே அழவிட மாட்டார்கள். முனியம்மா குந்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் வந்து தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி சொல்ல மற்றவர்கள் இழுத்தார்கள். நூரியில் தொடங்கி, பெயர் தெரியாத கல்யாணப் பெண்ணுக்குப் போய், அங்கிருந்து அவரவர் வீட்டில் செத்தவர்களுக்கும் போயிற்று அழுகை.

"ஏய், என்னம்மா இது! நிறுத்துங்க!" என்று ஜெரால்டு கத்தினார்.

பொட்டலுக்கு ஒரு பனை உயரம் இருக்கும்போது விமானம் திரும்பியது. சாய்ந்து, தாழ்ந்து, கரையை ஒட்டி வந்தது. பெண்கள் அதைப் பார்க்கவில்லை. தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார்கள். முனியம்மாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வயிற்றை மண்ணில் தேய்த்து நின்று, மோட்டாரை அணைத்துக்கொண்டு, தூக்குவதற்கு ஒரு கை வரும் என்று கிடந்தது.

முனியம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு குரலாக அறுந்தது.

நீதிபதியம்மா நாற்காலியை விட்டு வந்துவிட்டாள். ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "இது கல்யாணத்துக்குப் போடுற சத்தமான்னு கேக்குறாங்க."

"காத்து மேடம், காத்துல திரும்பியிருக்கும்," என்றார் ஜெரால்டு.

"இல்ல." தமயந்தி கொட்டகையிலிருந்து ஓடிவந்திருந்தாள். செருப்பில்லை. காலில் முள் ஏறி நொண்டினாள். "இது இழவுச் சத்தம். குலவையோட நாக்குச் சுழற்சியைத்தான் அது கத்துக்கிட்டுச்சுன்னு நான் நினைச்சிருந்தேன். அது கத்துக்கிட்டது நாக்கை இல்ல. நாலு பொம்பளைங்க ஒண்ணாக் கூடி எழுப்புற சத்தம். சிரிக்கிறாங்களா அழறாங்களான்னு அதுக்குத் தெரியல." அவள் நீதிபதியம்மாவின் பேனாவைக் காட்டினாள். "எழுதிக்கச் சொல்லுங்க. ரெண்டு தடவையும், கல்யாணத்துலயும் இழவுலயும், அது தானா இறங்கிச்சு. நூரியா இறக்கல. எனக்கு முதலாவது முன்னாடியே தெரியும். அதையும் எழுதச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, நீதிபதியம்மா நின்றபடியே எழுதினாள். நிறைய எழுதினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த மூளை வச்ச வெடி விமானம் இன்னிக்கு எத்தனை பறக்குதுன்னு கேக்குறாங்க."

ஜெரால்டு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்திதான் சொன்னாள். "நாலாயிரத்துக்கு மேல. பதினோரு நாட்டுல."

"அதை மாத்த முடியுமா?"

"முடியும். ஒவ்வொண்ணா இறக்கி மாத்தணும். எல்லாரும் ஒத்துக்கிட்டா ஆறு மாசம். ஒத்துக்கலைன்னா தெரியாது."

"அதுவரைக்கும் அங்க இருக்கிற சனங்களுக்கு என்ன சொல்றதுன்னு கேக்குறாங்க."

"பொம்பளைங்க கூட்டமா சத்தம் போட வேண்டாம்னு..." என்று தொடங்கியவள், தான் சொல்வதைத் தானே கேட்டு நின்றுபோனாள்.

சந்தனமாரி இன்னும் மண்ணில்தான் இருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"நூரிய விட்டுருவாக, அது போதும் எனக்கு. ஆனா கல்யாணத்துக்கும் வாயத் தொறக்கக்கூடாது, இழவுக்கும் தொறக்கக்கூடாதுன்னா, அந்தக் கல்யாணப் பொண்ணப் பெத்தவ இந்த ஆறு மாசத்துக்கு எப்படித் தாயி அழுவா?"